மீனிடம் சொல்லிவிட்டுப் போன சேதி

தண்ணீர் மாற்றி முடித்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு லாண்டரிக்காரர் திரும்பிப் பார்த்தால், தொட்டியில் இருந்த மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பசியாக்கும் என்று நினைத்து ஒரு சிட்டிகை தீனியைப் போட்டார். ஒன்றுகூட சீண்டவில்லை. தீனி பாட்டுக்கு மிதந்தது.

அவர் தப்பாக எதுவும் செய்யவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மனைவி உயிரோடு இருந்தபோது எப்படிச் செய்தாளோ அப்படியேதான் செய்தார், ஒரு இம்மி பிசகவில்லை. முதலில் ஃபில்டர் பிளக்கைப் பிடுங்கினார். ரப்பர் குழாயைக் கூழாங்கல்லுக்குள் விட்டு, அடியில் இருந்த அழுக்கோடு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் வாளியில் இறக்கினார். முழுத் தண்ணீரையும் மாற்றினால் மீன் தாங்காது என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். ஃபில்டர் பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசினார். குழாயடியில் அலசினால் பஞ்சில் இருக்கிற நல்லதும் போய்விடுமாம். அப்புறம் குழாயில் புதுத் தண்ணீர் பிடித்து, குளோரினை முறிக்கிற சொட்டு மருந்தை அளவாக விட்டுக் கலக்கி, முழங்கையை முக்கிச் சூடு பார்த்து, ஒரு தட்டின் மேல் நிதானமாக ஊற்றினார். அவ்வளவுதான் வேலை. சின்னப் பிள்ளையும் செய்யலாம். மருந்தை மட்டும் மறக்காமல் விட்டால் குழாய்த் தண்ணீரே போதும் என்பாள் அவள், கிணறும் வேண்டாம் ஆறும் வேண்டாம்.

பிறகு ஏன் இந்த மீன்கள் இப்படிச் சாகக் கிடக்கின்றன?

இருந்தது மொத்தம் ஆறு தங்க மீன்கள். ஐந்து பொடிசு. ஒன்று மட்டும் கையகலம், தொப்பையும் தொந்தியுமாக, வாலைப் போர்த்திக்கொண்டு நடுவில் நிற்கும். அவர் மனைவி அதற்குத் தலைவர் என்று பேர் வைத்திருந்தாள். ஒரு வேலையும் செய்யாது, ஆனால் அது எந்தப் பக்கம் திரும்பினாலும் மற்றதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பும், அதனால்.

இந்த இடத்தில் அந்த வீட்டுக் கூத்தைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. வீடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. கீழே லாண்டரிக்காரர், மாடியில் தம்பிக்காரன். தம்பிக்காரன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவன், கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று தனியாகவே இருந்துவிட்டான். இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. என்ன பெரிய காரணம் என்கிறீர்கள்? மாடிப்படிக்குக் கீழே ஒரு கேட் போட வேண்டும் என்றார் இவர். போட்டால் நான் என்ன திருடனா என்றான் அவன். கேட்டும் வரவில்லை, பேச்சும் நின்றது. இந்த லட்சணத்துக்கு ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள்.

பேச்சு இல்லாவிட்டாலும் ஒரே வீட்டில் ஆயிரம் சேதி இருக்குமே? மோட்டார் போடணும், கரண்ட் ஆள் வர்றான், சாவி எங்கே. அதற்கெல்லாம் நடுவில் அவர் மனைவி இருந்தாள். "அண்ணி, நாளைக்கு நான் சீக்கிரம் கிளம்பறேன், வாசல் கேட்டைப் பூட்ட வேணாம்னு சொல்லிடுங்க" என்பான் தம்பிக்காரன். இவர் நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பார். "கேட்டுச்சா?" என்பாள் அவள். "கேட்டுச்சு, சரின்னு சொல்லு" என்பார் இவர். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் சோறு போடுவாள்.

போன வருஷம் ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், பொழுது விடிவதற்குள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, ஒருநாள் தம்பிக்காரன் கீழே வந்தான். கூடத்தில் இவர் இருந்தார். அவன் வாயைத் திறந்தான், மூடினான், அங்கும் இங்கும் பார்த்தான். கடைசியில் மீன்தொட்டிக்கு முன்னால் போய் நின்று, "தலைவரே, மோட்டார்ல சத்தம் வருது, ஆளை வரச் சொல்லியிருக்கேன்" என்றான். இவர், "தலைவரே, சரின்னு சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். வாசலில் இவருடைய செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று கணக்கு. அவன் வருவான், தொட்டியைப் பார்த்துச் சொல்வான், போவான். வெளியே யாராவது பார்த்தால் இரண்டு பைத்தியங்கள் என்று சொல்வார்கள், சொன்னால் தப்பும் இல்லை.

இப்போது புரிகிறதா, அவர் ஏன் அப்படிப் பதறினார் என்று? அந்த மீன்கள் செத்தால் அந்த வீட்டில் அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. மேலே ஒரு பிணம், கீழே ஒரு பிணம், அவ்வளவுதான். அந்தப் பயம் அவருக்கு ராத்திரி பகல் இருந்தது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் வேறு எந்த வேலையையும் தொடாமல் முதலில் தொட்டியைத் தொடுவார்.

பதற்றத்தில் மனுஷனுக்கு மூளை வேலை செய்யுமா? புதுத் தண்ணீர் பற்றவில்லை போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டால் தெளிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. ஓடிப்போய் இன்னொரு வாளி பிடித்தார். பாட்டிலில் மிச்சம் இருந்த மருந்தை எல்லாம் கவிழ்த்தார். ஊற்றினார். ஊற்றின கொஞ்ச நேரத்தில் பொடிசு ஒன்று விருட்டென்று கண்ணாடியில் போய் முட்டி, சுற்றி, பக்கவாட்டில் சாய்ந்தது. இன்னொன்று தாறுமாறாக ஓடியது. தலைவர் மட்டும் அசையாமல் மூலையில் நின்றார், செவுள் இரண்டும் ரத்தச் சிவப்பாக.

"ஐயோ, என்னடா இது! என்னடா ஆச்சு உங்களுக்கு!" என்று வாய்விட்டே கத்திவிட்டார்.

வாளியைப் பார்த்தார். அடியில் வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ படிந்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தார். வழவழவென்றது. இருபத்தைந்து வருஷம் லாண்டரியில் வெளுத்தவருக்கு அது என்னவென்று தெரியாதா? பிளீச்சிங் பவுடர். நாள் முழுக்க அந்த நெடியிலேயே நின்று நின்று அவர் மூக்கு செத்துப்போயிருந்தது, வேறு யாராக இருந்தாலும் குழாயைத் திறந்ததுமே மூக்கைப் பொத்தியிருப்பார்கள். காலையில் குளிக்கும்போது கண் எரிந்தது, சோப்பு என்று நினைத்தார். குடிக்கிறது கேன் தண்ணீர், அதிலும் தெரியவில்லை. வாளி வாளியாக விஷத்தைப் பிடித்துத் தன் கையாலேயே ஊற்றியிருக்கிறார். மருந்து சாதாரணக் குழாய்த் தண்ணீருக்குத்தான் கேட்கும், இந்தக் காரத்துக்கு அது எந்த மூலைக்கு?

நல்ல வேளை, இறக்கின பழைய தண்ணீரில் பாதியை இன்னும் செடிகளுக்கு ஊற்றாமல் வைத்திருந்தார். மீன்களை ஒவ்வொன்றாக வலையில் அள்ளி அந்த வாளிக்கு மாற்றினார். சாய்ந்த பொடிசு வலையிலேயே அடங்கிவிட்டது. மிச்சம் ஐந்து. தலைவர் வாளிக்குள் கோணலாக மிதந்தார். ஒரு டம்ளரால் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றினார், காற்றாவது கலக்கட்டும் என்று. செவுள் வெந்துபோயிருக்கிறது, இது போதாது. மீன் கடைக்குப் போக வேண்டும், அங்கே மருந்து இருக்கிறது, அந்தக் கடைக்காரருக்குக் கை ராசி. கடை ஊரின் அந்தக் கோடியில். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பினால் விடிந்துவிடும்.

வாசலில் தம்பிக்காரன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான், தெருக்குழாயில் பிடித்த தண்ணீரில்.

லாண்டரிக்காரர் வாளியோடு ஓடிப்போய் அவன் முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது. நேருக்கு நேர் நின்றும் வாய் பழக்கத்தை விட மாட்டேன் என்றது, பாருங்கள். வாளிக்குள் குனிந்து, "தலைவரே! தண்ணியில என்ன எழவைக் கொட்டினான்னு கேளுங்க!" என்று அலறினார்.

தம்பிக்காரன் துணியைக் கீழே போட்டான். வாளிக்குள் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. அவனும் வாளியைப் பார்த்துத்தான் பேசினான். "நான் சொன்னேனே தலைவரே! நேத்து காலையில உங்ககிட்டதானே வந்து சொன்னேன்! டேங்க்ல காக்கா விழுந்து செத்துக் கிடக்கு, கழுவி பவுடர் போட்டிருக்கேன், ரெண்டு நாளைக்கு அந்தத் தண்ணியத் தொட வேணாம்னு!"

"எப்ப சொன்னானாம்? எனக்குக் கேட்கலையே!"

"செருப்பு வாசல்ல கிடந்துச்சே!"

"வார் அறுந்துடுச்சு! ஷூ மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன்!"

ஆக, வெறும் வீட்டில் மீனிடம் சேதியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் மகராசன். சாகப்போகிற மீனிடமே அதன் சாவுச் சேதியை. தலைவர் கேட்டிருப்பார். கேட்டு என்ன செய்வார்?

"ஏறச் சொல்லுங்க தலைவரே," என்று தம்பிக்காரன் வேன் கதவை இழுத்துத் திறந்தான்.

லாண்டரிக்காரர் அந்த வேனில் ஏறினது அதுதான் முதல் தடவை. முன் சீட்டில், மடியில் வாளி, கையில் டம்ளர். வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்க, தண்ணீர் அவர் வேட்டியை நனைத்தது. அதைக் கவனிக்க யாருக்கு நேரம்? மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். "செத்துடாதீங்கய்யா, இன்னும் கொஞ்ச தூரம்தான், செத்துடாதீங்க" என்று வாய் அதுபாட்டுக்கு முணுமுணுத்தது. இன்னொரு பொடிசு வெள்ளை வயிற்றைக் காட்டியது. அதை எடுத்து வெளியே போடக்கூட மனசு வரவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

தம்பிக்காரன் ஸ்டியரிங்கைக் குத்தினான். முன்னால் ஒரு லாரி, பின்னால் வரிசையாக வண்டிகள், திருப்பவும் வழியில்லை. தண்டவாளத்தில் ரயிலின் சுவடே காணோம். எஞ்சினை அணைத்தான். டம்ளர் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தலைவரே," என்றான் தம்பிக்காரன். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "மீனுக்கு மூச்சு முட்டினா மட்டும் வண்டி வாசல்ல நிக்கறது கண்ணுக்குத் தெரியுதான்னு கேளுங்க."

டம்ளர் அந்தரத்தில் நின்றது.

"அன்னிக்கும் இதே வண்டி அதே வாசல்லதான் நின்னுச்சு. நான் மேலதான் படுத்திருந்தேன். அண்ணிய அப்படியே விட்டுட்டு, வண்டி தேடித் தெருக்கோடி வரைக்கும் ஓடினாராம். எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஒரு குரல். ஒரே ஒரு குரல் குடுத்திருந்தா நான் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டேனா? எனக்கும் அவங்கதானே சோறு போட்டாங்க. ஏன் எழுப்பலைன்னு கேளுங்க தலைவரே. கேட்டுச் சொல்லுங்க."

ஒரு வருஷமாக லாண்டரிக்காரர் எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ அந்தக் கேள்வி வந்துவிட்டது. இஸ்திரி போடும்போதும் அதே கேள்விதான், சாப்பிட உட்கார்ந்தாலும் அதே கேள்விதான். ஊரில் எல்லாரும் விதி என்றார்கள். டாக்டர்கூட, இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்து, இவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தலைவரே," என்றார். "நான் ஏறினேன்னு சொல்லுங்க. அவளைச் சுவத்துல சாய்ச்சு வச்சுட்டு முதல்ல மாடிக்குத்தான் ஓடினேன். பாதிப் படி வரைக்கும் ஏறிட்டேன். அங்க நின்னேன். கூப்பிட வாயத் திறந்தா சத்தம் வரல. எப்பவும் அவதானே கூப்பிடுவா? எனக்குக் கூப்பிட வரல. என்னன்னு கூப்பிடுவேன்? அதுக்குள்ள ஒரு ரோஷம் வேற, எழவெடுத்த ரோஷம். இறங்கிட்டேன். இறங்கித் தெருவுக்கு ஓடினேன். நான்தான் அவளைக் கொன்னேன்னு சொல்லுங்க. சொல்லிடுங்க, தலைவரே."

அழுகை வந்துவிட்டது. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு வாளிக்குள் குனிந்தார். தலைவர் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தார். வாய் ஒரு தடவை திறந்தது, இன்னொரு தடவை பாதி திறந்தது, அப்புறம் திறக்கவில்லை. லாண்டரிக்காரர் விரலால் நிமிர்த்திவிட்டார். மறுபடியும் சாய்ந்தது. திரும்பவும் நிமிர்த்தினார். அந்தப் பெரிய உடம்பு அவர் உள்ளங்கையில் வெறுமனே கிடந்தது.

"போச்சு," என்றார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

தூரத்தில் ஊதல் கேட்டது. ரயில் வந்தது, சரக்கு ரயில், பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. தம்பிக்காரன் வாளியை எட்டிப் பார்த்தான். இனி யாரைப் பார்த்துப் பேசுவது? கண்ணாடியைப் பார்த்தான், கையைப் பார்த்தான். ரயில் சத்தம் ஓய்கிற வரைக்கும் உதடு துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"எனக்குக் கேட்டுச்சுண்ணே."

"என்ன கேட்டுச்சு?"

"காலடிச் சத்தம். படியில. முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். நீதான்னு தெரிஞ்சுச்சு. அந்நேரத்துல நீ ஏறி வர்றன்னா ஏதோ ஆயிருக்குன்னும் தெரிஞ்சுச்சு. வரட்டும், வந்து கூப்பிடட்டும், ஒரு தடவையாவது அவனா வாயத் திறக்கட்டும்னு படுத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் இறங்கற சத்தம் கேட்டுச்சு." அவன் குரல் உடைந்தது. "சரி, ரோஷக்காரன் இறங்கிட்டான்னு திரும்பிப் படுத்துட்டேண்ணே."

லாண்டரிக்காரருக்கு வாளியை அப்படியே அவன் தலையில் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு மிதிக்கலாமா என்று இருந்தது. பாவி, பாவி, படுத்திருந்தாயே என்று நெஞ்சு கதறியது. கையை ஓங்கிவிட்டார்கூட. ஓங்கின கை அங்கேயே நின்றது. அடித்தால் ஒரு ஆளை அடித்துத் தீருமா? கீழே இறங்கின கால் இவருடையதுதானே. அவன் தடுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு அடிக்காகக் காத்திருந்தான், சின்ன வயசில் அப்பாவிடம் நின்ற மாதிரி.

கேட்டைத் தூக்கிவிட்டார்கள். லாரி நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அழுத்த ஆரம்பித்தார்கள். தம்பிக்காரன் அசையவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். யாரோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னய்யா, தூங்கறியா?" என்று கத்தினான்.

லாண்டரிக்காரர் ஓங்கின கையை இறக்கினார். வாளிக்குள் பார்த்தார். தலைவருக்குக் கீழே, அவர் வால் மறைப்பில், பொடிசுகள் மூன்று இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"டேய்," என்றார். குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டார். "டேய் தம்பி. அப்புறம் அழலாம். வண்டிய எடு. இதுங்க இன்னும் சாகல."

தம்பிக்காரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். அவர் டம்ளரை எடுத்து, மொண்டு ஊற்ற ஆரம்பித்தார்.